இந்தத் தோல் எங்கிருந்து வந்தது?

(பாலாற்றுக் கரையோர ஊர்களின் தோல் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் மூத்த தோல் வணிகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

  

"உலகப் போட்டியில் நமது வணிகம்" என்னும் தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பெரியமேட்டு மண்டியில் உப்புத் தோலின் வாடையோடு வளர்ந்தவன். தகப்பனார் காலத்தில் தோலைத் தடவிப் பார்த்தே விலை சொல்வார்கள். நான் கணக்கெழுதப் பழகி, பிறகு சொந்தமாக பினிஷ்ட் லெதர் வியாபாரம் செய்தவன். அலங்காரமாகப் பேச எனக்கு வராது. பட்டதைச் சொல்கிறேன். அதில் பயன் இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள்.

திரும்பி வந்த சரக்கு

2016ஆம் ஆண்டு. காலணித் தொழிற்சாலை ஒன்றுக்கு நான் கறுப்புத் தோல் கொடுத்தேன். அவர்கள் அதில் ஷூ செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கே வாங்கியவர் நான்கு ஜோடியை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்தார். குரோமியம் ஆறு என்னும் நச்சுப் பொருள், அனுமதித்த அளவைவிட அதிகம் என்று அறிக்கை வந்தது. சரக்கு முழுவதும் நிராகரிக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1ஆம் தேதி முதல் நடைமுறைப்படுத்திய விதி அது. உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் குரோமியம் ஆறு இருந்தால் அதை அங்கே விற்க முடியாது. அந்த விதியை நான் அறியாதவன் அல்லன். பேப்பரில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

தொழிற்சாலையிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. யாரும் திட்டவில்லை. கேள்விகள்தாம் கேட்டார்கள். "இந்தத் தோல் எந்த லாட்? எந்த டிரம்மில் ஓடியது? என்ன எண்ணெய் போட்டீர்கள்? எந்த ஷாப்பில் பதனிட்டது?"

என்னிடம் பதில் இல்லை! அந்த ஆர்டருக்காக மூன்று ஷாப்புகளில் கூலிக்குப் பதனிட்டிருந்தேன். மூன்றும் என் குடோனில் ஒன்றாகக் கலந்துவிட்டன. கெட்டது ஒரு ஷாப்பின் சரக்காக இருக்கலாம். ஆனால் எது கெட்டது என்று காட்ட முடியாததால் நல்லதும் சேர்ந்தே கெட்டது. மூன்றில் ஒரு பங்கு நஷ்டத்தோடு முடிந்திருக்க வேண்டியது, முழு நஷ்டமாக முடிந்தது. கைமுதலில் பாதி அதிலேயே போயிற்று.

பிறகுதான் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் போய் விசாரித்தேன். நாம் போடுவது குரோமியம் மூன்று. அது தீங்கில்லாதது. ஆனால் மலிவான மீன் எண்ணெய் கலந்த பேட் லிக்கர் போட்டாலோ, அமிலத்தைச் சமன்படுத்தும்போது சோடா அதிகமானாலோ, காய்ந்த வெப்பத்தில் தோல் நெடுநாள் கிடந்தாலோ, மூன்று ஆறாக மாறிவிடும். இங்கே சோதித்தபோது சரியாக இருந்த தோல், இரும்புக் கண்டெய்னரில் வெந்து அங்கே போய்ச் சேரும்போது வேறாகி நிற்கும். மறுபதனிடும்போது சிறிதளவு தாவரப் பட்டைச் சாறு சேர்த்தால் இந்த மாற்றம் பெரிதும் தடுக்கப்படும் என்று சொன்னார்கள். ஆவாரம் பட்டையில் பதனிட்டே பேர் வாங்கிய நமக்கு, பட்டையின் அருமையை ஆராய்ச்சி நிலையம் வந்து சொல்ல வேண்டியிருந்தது!

கிலோவுக்குச் சில ரூபாய் குறைகிறது என்று ஒரு ஷாப்புக்காரர் எண்ணெயை மாற்றியிருக்கிறார். ஏன் மாற்றினார் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு நானும் காரணம்.

விதிகள் நம்மைக் கேட்டு வருவதில்லை

இளைஞர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படி அடி வாங்குவது நமக்குப் புதிதல்ல.

1973-க்குப் பிறகு மத்திய அரசு, சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. "தொழில் அழிந்தது" என்று அன்று மண்டியில் பலரும் சொன்னார்கள். ஆனால் பினிஷ்ட் லெதரும், ஷூ அப்பரும், முழுக் காலணியும் இந்த ஊர்களில் வளர்ந்தது அதன் பிறகுதான்.

1989 டிசம்பரில் ஜெர்மனி, பி.சி.பி. என்னும் பூஞ்சைத் தடுப்பு மருந்துக்குத் தடை விதித்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே நுழைய முடியாது. நம் தோல்களில் எல்லாம் அந்த மருந்துதான் இருந்தது. 1994இல் அதே ஜெர்மனி சிலவகை அசோ சாயங்களைத் தடுத்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அது சட்டமாயிற்று. 2007இல் ரீச் என்னும் இரசாயனச் சட்டம் வந்தது. 2023இல் காடழிப்புக்கு எதிரான சட்டம் ஒன்றை இயற்றினார்கள். மாடும் மாட்டுத் தோலும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. அந்த மாடு எந்த நிலத்தில் வளர்ந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறைக்கு வரும் தேதியை ஒருமுறைக்கு மேல் தள்ளி வைத்தார்கள். தேதி தள்ளிப் போகலாம், கேள்வி தள்ளிப் போகாது.

ஒவ்வொரு தடவையும் நம்மில் இருவகையினர் இருந்தார்கள். "இது நம் சரக்கை ஒழிக்கச் செய்யும் சூழ்ச்சி" என்று சொல்லிக் கொண்டிருந்தவர்கள் ஒரு வகை. அந்த நாடுகள் தங்கள் தொழிலைக் காத்துக்கொள்ளவும் இப்படிப்பட்ட விதிகளைப் பயன்படுத்துவது உண்டு, அதை நான் மறுக்கவில்லை. மற்றொரு வகையினர், "என்ன மருந்து? அதற்குப் பதில் என்ன?" என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்து அடையாறு போனவர்கள். இன்று ஷாப்பு நடத்திக் கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினரின் பிள்ளைகள்தாம்.

அயல்நாட்டான் மட்டுமா கேட்டான்? நம் ஆறும் கேட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியைச் சட்டமாக்கிய தீர்ப்பு அது. ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் இல்லாதவற்றை மூடச் சொன்னார்கள். அன்று நாம் வருந்தினோம். ஆனால் பாலாற்றங்கரையில் கிணற்று நீர் உப்பாகி விவசாயத்தை விட்டவர்கள் நமக்கு முன்பே வருந்தியவர்கள். 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்தும் அந்தக் கணக்கு முடியவில்லை என்பதை நாம் மறைக்கக் கூடாது.

நெருக்கடி எங்கே போய் இறங்குகிறது?

இப்போது அந்த எண்ணெய் கதைக்கு வருகிறேன்.

ஐரோப்பாவில் இருக்கும் கம்பெனி, "வியட்நாமில் இதைவிட மலிவு, பங்களாதேஷில் இதைவிட மலிவு" என்று சொல்லி ஜோடிக்கு அரை டாலர் குறைக்கச் சொல்கிறது. அவர்கள் சொல்வது வெறும் மிரட்டலும் அல்ல. வியட்நாமுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் 2020 ஆகஸ்டிலிருந்து தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது. பங்களாதேஷ், வளர்ச்சி குன்றிய நாடு என்ற முறையில் 2001 முதல் அங்கே வரியில்லாமல் சரக்கு அனுப்பியது. அந்தச் சலுகை நமக்குக் கிட்டவில்லை.

காலணி ஏற்றுமதியாளர் அந்த அரை டாலரை எங்கே குறைப்பார்? தோல் கொடுக்கும் என்னிடம் குறைப்பார். நான் கூலிக்குப் பதனிடும் ஷாப்புக்காரரிடம் குறைத்தேன். அவர் யாரிடம் குறைப்பார்? எண்ணெயில் குறைத்தார். எண்ணெய் வாய் திறந்து முறையிடாதல்லவா? அது கடல் தாண்டிப் போய் முறையிட்டது!

இதுதான் சங்கிலி. மேலே கொடுக்கும் அழுத்தம் கீழே கீழே இறங்கி, எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் போய் நிற்கும். சில வேளை அது எண்ணெயாக இருக்கும். சில வேளை மனிதனாக இருக்கும்.

2013 ஏப்ரல் 24ஆம் தேதி டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் தையல் வேலை செய்த பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. இருந்தும் ஆர்டர் தேதி நெருங்குகிறது என்று அவர்களை உள்ளே அனுப்பினார்கள். இடிபாட்டில் உலகப் புகழ் பெற்ற கம்பெனிகளின் பெயர்ப்பட்டைகள் கிடந்தன. "எங்கள் துணி அங்கே தைக்கப்பட்டது எங்களுக்குத் தெரியாது" என்று சிலர் சொன்னார்கள். தெரியாது என்பது ஒரு பதிலாகுமா?

அது வெளிநாடு என்று எண்ண வேண்டாம். 2015 ஜனவரி 31ஆம் தேதி அதிகாலையில், நம் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஷாப்பில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மடிந்தார்கள். பிழைப்புத் தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். அந்தச் சேறு யார் தோலிலிருந்து வந்தது? நம் எல்லோருடைய தோலிலிருந்தும் வந்தது.

இன்னொன்றையும் மனச்சாட்சியோடு பேச வேண்டும். "பையர் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறான்" என்று நாம் புலம்புகிறோம். நம் ஜாப் வொர்க் செய்பவருக்கு நாம் எத்தனை நாளில் கொடுக்கிறோம்? 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம், பதிவு செய்துள்ள சிறு, குறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் வட்டியும் உண்டு. சட்டத்தை விடுங்கள். கையில் காசில்லாத ஷாப்புக்காரர் நல்ல எண்ணெய் வாங்குவாரா? அவருடைய பணத்தை நிறுத்தி வைத்தவன் தன் சரக்கின் தரத்தையே நிறுத்தி வைக்கிறான். 2016இல் நான் செய்த தவறு இதுதான். அவருக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி அப்போது நான்கு மாதத்துக்கு நின்றிருந்தது.

பாதை அடைபடும் காலம்

உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் வெளியே பாதை அடைபடும். 2021 மார்ச் 23 முதல் 29 வரை, எவர் கிவன் என்ற ஒரே கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, உலக வாணிபத்தையே நிறுத்தி வைத்தது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பெரிய கப்பல் கம்பெனிகள் தென்னாப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாளுக்கு மேல் கூடிற்று. கப்பலில் நேரம் போனால் விமானத்தில் அனுப்பு என்பார் பையர். விமானச் செலவு யார் தலையில்? தேதி தவறியது நம்மால் என்றால் நம் தலையில். அந்த ஆர்டரின் லாபம் ஆகாயத்திலேயே போய்விடும்!

2025இல் அமெரிக்கா என்ன செய்தது என்று பார்த்தோம். ஆகஸ்ட் 27ஆம் தேதி முதல் இந்தியச் சரக்கின் மீது 50 சதவிகிதம் வரை வரி போட்டது. அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்த தொழிற்சாலைகளில் அந்த வாரமே வேலை குறைந்தது. வரி இன்று ஏறும், நாளை இறங்கும். அதை நாம் தீர்மானிக்க முடியாது. ஒரே நாட்டை, ஒரே பையரை நம்பியிருப்பதா வேண்டாமா என்பதை நாம் தீர்மானிக்கலாம். மொத்த ஆர்டரில் பாதிக்கு மேல் ஒரே கையில் இருந்தால், அது வியாபாரம் அல்ல, வேலைக்கு இருப்பது போலத்தான்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. இ.சி.ஜி.சி. என்னும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனத்தை மத்திய அரசு 1957இலேயே ஏற்படுத்தியது. வெளிநாட்டுப் பையர் திவாலானாலும், போரினால் பணம் வராமல் போனாலும் அது கை கொடுக்கும். ஆனால் சரக்கின் தரத்தில் தகராறு என்றால் அது கை கொடுக்காது. அந்த இடத்தில் நமக்குக் காப்பீடு நம் நோட்டுப் புத்தகம்தான்.

சங்கிலியின் முதல் முனை

சங்கிலியின் ஒரு முனை கப்பலில் இருக்கிறது. மற்றொரு முனை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானித் தோல்கள் மதரஸாக்களுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் அந்தத் தோலின் விலையில் மதரஸாவின் சில மாதச் செலவு ஓடிற்று. பத்தாண்டுகளுக்கு மேலாக அந்த விலை சரிந்து, உப்புச் செலவுக்கே கட்டவில்லை என்று பொறுப்பாளர்கள் வருந்துகிறார்கள். செயற்கைப் பொருளில் செய்த ஷூவை உலகம் அதிகம் அணிவது பெரிய காரணம். அதை நாம் மாற்ற முடியாது.

நாம் மாற்றக் கூடியதும் இருக்கிறது. அவசரத்தில் கத்தி பட்டுக் கிழிந்த தோலுக்கு யார் விலை கொடுப்பார்? நம் வெயிலில் சில மணி நேரத்தில் தோல் அழுகத் தொடங்கும். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்புத் தடவி, நிழலில் விரித்துப் போட வேண்டும். பெருநாள் மாலை வரை மூட்டையில் கட்டி வைத்துவிட்டு, "வியாபாரி ஏமாற்றுகிறான்" என்றால் என்ன நியாயம்? உரிக்கத் தெரிந்த நான்கு பேர், உப்பு மூட்டை, நிழலான இடம், எந்தத் தெருவின் தோல் எத்தனை என்று எழுத ஒரு நோட்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் இளைஞர்கள் இதைச் செய்தால், கிடைக்கிற விலையாவது முழுமையாகக் கிடைக்கும். உலகச் சங்கிலியை ஒழுங்குபடுத்தும் பாடம் அங்கேயே தொடங்குகிறது.

இளைஞர்களுக்கு

தம்பிமார்களே! உங்களில் பலர் வளைகுடாவுக்குப் போகத் துடிக்கிறீர்கள். போகிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் இங்கே ஆளில்லாமல் கிடக்கும் வேலை ஒன்று இருக்கிறது. ஷாப்பு முதலாளிக்குத் தோல் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், தோல் தெரியாது. இருவரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும்.

நான் சொல்வது பெரிய திட்டமல்ல. ஒவ்வொரு லாட்டுக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணைத் தோலின் மூலையிலேயே குத்துங்கள். எந்த மண்டியில் வாங்கியது, எந்தத் தேதியில் டிரம்மில் போனது, என்ன மருந்து, யார் கம்பெனி மருந்து, எத்தனை கிலோ என்று எழுதுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டி, எண் போட்டு, இரண்டு வருடம் பத்திரப்படுத்துங்கள். ஒரே மருந்துக்கு இரண்டு கடை, ஒரே வேலைக்கு இரண்டு ஷாப்பு என்று பழகுங்கள். ஆனால் இரண்டு ஷாப்பின் சரக்கை ஒருபோதும் கலக்காதீர்கள்.

2016-க்குப் பிறகு நான் செய்தது இவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் ஒரு புகார் வந்தது. சாயம் ஒட்டுகிறது என்றார்கள். அரை மணி நேரத்தில் லாட் எண்ணைச் சொன்னேன், துண்டை அனுப்பினேன். 60 தோலை மாற்றிக் கொடுத்தேன். அந்தப் பையர் அடுத்த சீசனுக்கு ஆர்டரைக் கூட்டிக் கொடுத்தார். என்னைவிட மலிவாகக் கொடுக்க ஆள் இருந்தும் கொடுத்தார். காரணம் கேட்டேன். "நான் கேட்டால் உங்களிடமிருந்து பதில் வருகிறது" என்றார்.

விலையில் நம்மைத் தோற்கடிக்க எப்போதும் ஒருவன் வருவான். இன்று வியட்நாம், நாளை வேறொரு நாடு. "இந்தத் தோல் எங்கிருந்து வந்தது? யார் கை பட்டு வந்தது? அந்தக் கைக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா?" என்ற மூன்று கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்லக் கூடியவனை அவ்வளவு எளிதாக யாரும் கழற்றிவிட முடியாது.

வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியையும், மேல்விஷாரத்தில் 1965இல் அப்துல் ஹக்கீம் கல்லூரியையும் எழுப்பியதில் தோல் வணிகர்களின் பணமும் உழைப்பும் இருக்கின்றன. உப்பிலும் சுண்ணாம்பிலும் கை வெந்து சம்பாதித்தவர்கள் அவற்றை நமக்கு விட்டுச் சென்றார்கள். இந்தத் தொழில் போனால் முதலாளிக்கு மட்டும் நஷ்டம் என்று எண்ணாதீர்கள். காலையில் வேனில் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகும் நம் ஊர்ப் பெண்கள், எல்லாச் சமயத்துப் பெண்களும், மாலையில் எதைக் கொண்டு அடுப்பேற்றுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே இருக்கும் ஷாப்பு முதலாளிகளிடம் ஒரே வேண்டுகோள். நாளைக் காலையில் உங்கள் குடோனுக்குப் போய் ஏதேனும் ஒரு தோலைக் கையில் எடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று உங்களையே கேளுங்கள். பதில் தெரிந்தால் மகிழ்ச்சி. தெரியாவிட்டால், இந்தப் பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில், கூலிப் பாக்கி யார் யாருக்கு நிற்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். அதைத் தீர்த்துவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போகலாம்.